கார்டியன் சொத்துக்காரர் அல்ல

ரிங் ரோட்டை ஒட்டிய நஞ்சை பலவும் பிளாட்டாகிவிட்ட மதுரையில், தன் பங்கை வாய்விட்டுக் கேட்க முடியாதவரின் சொத்தைக் காப்பது பெரும்பாடு. தகப்பனை இழந்த சிறுவன், மூளை வளர்ச்சி குன்றிய தம்பி, விபத்தில் நினைவிழந்து கிடக்கும் கணவர் என இவர்களுக்காகக் கையெழுத்துப் போடுபவரைக் கார்டியன் என்கிறோம். உண்மையாகப் பார்த்துக்கொள்பவர்கள் உண்டு. அப்படி இல்லாதவர் கையில் பொறுப்பு போய்விட்டால், "அவர்தானே கார்டியன், நாம எப்படிக் கேட்கிறது?" என்று சொந்தபந்தம் ஒதுங்கிக்கொள்கிறது. தாராளமாகக் கேட்கலாம். கணக்குக் காட்டும் கடமையைச் சட்டம் அவர் தலையில்தான் வைத்திருக்கிறது.

பலருக்கும் தெரியாத ஒன்று: பிள்ளைக்கு 18 வயது முடிந்துவிட்டால், பெற்ற தாய்கூடச் சட்டத்தின் கண்ணில் தானாகவே கார்டியன் ஆகிவிட மாட்டார். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ள பெரியவர்களுக்கு 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டர் இடம்பெறும் மாவட்டக் குழுதான் கார்டியனை நியமிக்கிறது. நியமிக்கப்பட்டவர் 6 மாதத்துக்குள் சொத்து, வரவேண்டிய பாக்கி, கடன் எல்லாவற்றையும் பட்டியலிட்டுக் குழுவிடம் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்த 3 மாதத்துக்குள் வரவு செலவும் இருப்பும் காட்ட வேண்டும். அவர் அடித்தாலோ, கவனிக்காமல் விட்டாலோ, சொத்தைச் சுருட்டினாலோ, 17-ஆம் பிரிவின்படி பெற்றோரோ உறவினரோ பதிவுபெற்ற தொண்டு அமைப்போ அவரை நீக்கக் கோரலாம். குழு அவர் தரப்பையும் கேட்டுத்தான் முடிவெடுக்கும். நீக்கப்பட்டால் சொத்தைப் புதியவரிடம் ஒப்படைத்து, வாங்கிய பணத்துக்கும் செலவழித்ததற்கும் அவர் கணக்குச் சொல்லியாக வேண்டும். மனுவைக் கலெக்டர் ஆபீஸில் கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.

கோமாவில் இருப்பவருக்கு இந்தக் குழு உதவாது. தனிச் சட்டமும் இல்லை. உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட வேண்டும். மதுரைக்காரர்களுக்கு ஒத்தக்கடை அருகே உள்ள மதுரைக் கிளை. 2024 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஜி.ஆர்.சுவாமிநாதன், பி.பி.பாலாஜி அமர்வு, கோமாவில் இருந்த ஒருவரின் மனைவியையே கார்டியனாக நியமித்தது. சொத்தை விற்கவும் அனுமதித்தது. ஆனால் அந்தப் பணத்தில் 50 லட்சம் ரூபாயைக் கணவர் பெயரிலேயே டெபாசிட் செய்ய வேண்டும், மனைவி வட்டியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்றது. கட்டிய மனைவிக்கே இந்த வரம்பு என்றால், தூரத்துச் சொந்தம் கார்டியன் ஆகும்போது இதுபோன்ற நிபந்தனையை நீங்களே கேட்டு வாங்குவதில் தவறே இல்லை.

இங்கே இன்னொரு எச்சரிக்கை. பெரியவருக்கு நினைவு தப்புவதற்கு முன் எழுதி வாங்கிய சாதாரணப் ‘பவர்’, அவர் புத்தி சுவாதீனம் இழந்ததும் செல்லாமல் போகும் என்பதே ஒப்பந்தச் சட்டத்தின் பொது விதி. அந்தப் பவரைக் காட்டி யாராவது விற்க வந்தால் உஷாராகுங்கள்.

மைனர் சொத்தில் இந்துக்களுக்கு 1956-ஆம் ஆண்டின் இந்து மைனர், கார்டியன் சட்டம் பொருந்தும். நீதிமன்றத்தின் முன் அனுமதி இல்லாமல் தாயோ தகப்பனோகூட மைனரின் தனிச் சொத்தை விற்க முடியாது. (பிரிபடாத கூட்டுக் குடும்பப் பங்குக்கு விதி வேறு.) அப்படி விற்றிருந்தால், மேஜரான பிறகு 3 ஆண்டுக்குள் அந்தப் பிள்ளை வழக்குப் போட்டு விற்பனையை ரத்து செய்யலாம். அதாவது 21 வயதுக்குள். எவ்வளவோ பேர் விவரம் தெரிய வரும்போது இந்தக் கெடு தாண்டிப்போயிருக்கிறது. நீதிமன்றம் நியமித்த கார்டியன் தவறு செய்தால் நீக்கக் கோர 1890-ஆம் ஆண்டின் கார்டியன் சட்டத்தில் 39-ஆம் பிரிவு இருக்கிறது.

சந்தேகம் வந்தால் பஞ்சாயத்துப் பேசுவதற்கு முன்பே வில்லங்கம் போட்டுப் பாருங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். பத்திர நகல், பாங்க் பாஸ்புக், மருத்துவச் சான்று மூன்றையும் சேர்த்து வையுங்கள். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-ஐ அழையுங்கள். குழந்தைகள், பெண்கள், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச வக்கீல் கிடைக்கும். ஆகவே சட்ட உதவி விண்ணப்பத்தை, பாதிக்கப்பட்டவரின் பெயரிலேயே எழுதிக் கொடுங்கள்.