வெள்ளை ஒயினில் சிவப்புச் சாயம் கலந்தால்... போர்டோ ரெட் ஒயினை ருசிப்பது எப்படி?

பிரான்ஸின் போர்டோ பல்கலைக்கழகத்தில் ஒயின் தயாரிப்பு படித்த 54 மாணவர்களிடம் இரண்டு கிளாஸ்கள் தரப்பட்டன. ஒன்று வெள்ளை, மற்றொன்று சிவப்பு. முகர்ந்து பார்த்துவிட்டு, சிவப்புக்கு வழக்கமாக ரெட் ஒயினுக்குச் சொல்லும் வார்த்தைகளையே சொன்னார்கள். ட்விஸ்ட் என்னவென்றால், இரண்டிலும் இருந்தது ஒரே வெள்ளை ஒயின்தான். ஒன்றில் மட்டும் வாசனை இல்லாத சிவப்புச் சாயம். 2001-ல் வெளியான ஆய்வு இது.

அப்போ ஒயின் டேஸ்டிங் என்பதே பில்டப்தானா? அப்படிச் சொல்லிவிட முடியாது. அந்த ஆய்வு சோதித்தது வாசனையை மட்டும். ரெட் ஒயினுக்கு வாயில் தனி அடையாளம் ஒன்று உண்டு: துவர்ப்பு. பால் சேர்க்காத ஸ்ட்ராங் டீ குடித்தால் ஈறு இறுகி, நாக்கு வறண்டுபோகுமே, அதேதான். திராட்சைத் தோலிலும் விதையிலும் இருக்கும் டானின் எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்வதால் அப்படி ஆகிறது.

ஏன் பல திராட்சைகளைக் கலக்கிறார்கள்?

காரணம் வானிலை. அட்லாண்டிக் கடலுக்குப் பக்கத்தில் இருக்கும் போர்டோவில் வசந்த காலத்தில் உறைபனி வரும், அறுவடை நேரத்தில் மழை வரும். மெர்லோ கொடி சீக்கிரம் துளிர்க்கும், சீக்கிரம் பழுக்கும். எனவே உறைபனியில் முதலில் அடிவாங்குவது அதுதான். கேபர்னே சாவின்யோன் லேட்டாகப் பழுப்பதால் மழையில் மாட்டும். இரண்டையும் நட்டு வைத்தால் ஏதாவது ஒன்று தப்பும். 2017 ஏப்ரல் உறைபனியில் பல தோட்டங்கள் விளைச்சலின் பெரும்பகுதியை இழந்த ஊர் இது. இந்த ஏற்பாடு அவர்களுக்கு ஒருவகை இன்சூரன்ஸ்.

ருசிக்கும் அதனால் லாபம். கேபர்னே துவர்ப்பையும், பென்சில் சீவியது போன்ற வாசனையையும் தரும். மெர்லோ பிளம் பழச் சுவையோடு நடுவில் மெத்தென்று நிரப்பும். கேபர்னே ஃப்ராங் மணத்துக்கு, பெட்டி வெர்டோ நிறத்துக்கும் அழுத்தத்துக்கும் கொஞ்சமாக. ஒவ்வொன்றையும் தனித்தனியே நொதிக்க வைத்து, பிறகு ருசி பார்த்துத்தான் கலப்பார்கள். வருடத்துக்கு வருடம் அளவு மாறும். ஜிரோந்து ஆற்றின் இடது கரையில், கூழாங்கல் மண் அதிகமுள்ள மெடாக் பகுதியில் கேபர்னே ஓங்கும். வலது பக்கம் பொமெரோல், சாந்த் எமிலியோன் பகுதிகளில் மெர்லோ.

வாயில் எதைக் கவனிப்பது?

முதலில் சூடு. 'ரூம் டெம்பரேச்சர்' என்று யாராவது சொன்னால், அது ஐரோப்பியக் குளிர் வீடுகளின் கணக்கு. 16 முதல் 18 டிகிரிதான் சரி. சென்னை வெயிலுக்கு அரை மணி நேரமாவது ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆல்கஹால் நெடிதான் முன்னால் வந்து நிற்கும்.

கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். சுழற்றாமல் ஒருமுறை, சுழற்றிவிட்டு ஒருமுறை முகர்ந்து பாருங்கள். சின்ன சிப் எடுத்து வாய் முழுக்க உருட்டுங்கள். முதலில் பழம், நடுவில் அந்த மெத்தென்ற உணர்வு, கடைசியில் ஈறில் இறுக்கம். அந்த இறுக்கம் மணல்போல உறுத்துகிறதா, வெல்வெட் போல இருக்கிறதா? ருசி எத்தனை விநாடி நிற்கிறது? (தொழில்முறை டேஸ்டர்கள் விழுங்குவதே இல்லை, துப்பிவிடுவார்கள்.) லேபிளைப் பேப்பரில் சுற்றி மறைத்துவிட்டால் விலையும் கண்ணும் குறுக்கே வராது. துவர்ப்பு ரொம்பத் தூக்கலாக இருந்தால் ஒரு வாய் மட்டன் சாப்பிட்டுவிட்டுக் குடித்துப் பாருங்கள், அப்படியே அடங்கும். இடது கரையின் போயாக் ஊரில் ஆட்டுக்குட்டிக் கறி பிரபலம்.

குடைமிளகாய் வாசனை வந்தால்? கேபர்னே முழுசாகப் பழுக்கவில்லை, அநேகமாகக் குளிர்ந்த வருடம் என்று அர்த்தம்.

அந்த வாசனை இப்போது குறைந்துவருகிறது. வெயில் கூடுவதால் மெர்லோவில் சர்க்கரை வேகமாக ஏறி, ஆல்கஹாலும் 14 சதவீதத்தைத் தாண்டிப் போகிறது. பழைய பார்முலா தாங்காது என்று புரிந்துதான், 2021-ல் வெப்பத்தையும் நோயையும் சமாளிக்கும் நான்கு புதிய சிவப்புத் திராட்சைகளுக்கு அனுமதி கிடைத்தது. அதில் ஒன்று போர்ச்சுகலின் தூரிகா நாசியோனால். இப்போதைக்குத் தோட்டப் பரப்பில் 5 சதவீதம், கலவையில் 10 சதவீதம் வரைதான்.