வேலைக்கேற்ற சில்லு

வீட்டு வேலைகளைத் தானே நடத்தும் கருவியொன்றைச் செய்ய விரும்பும் இளைஞர் என்னிடம் கேட்கும் முதற் கேள்வி, "ஐயா, எந்த மைக்ரோகண்ட்ரோலர் சிறந்தது?" என்பதாகும். பல்லாண்டுகள் பள்ளியில் பௌதிகம் கற்பித்தவன் நான். ஆயினும் இக்கேள்விக்கு ஒருமுறை தவறான விடை கூறி, அதன் பயனையும் கண்டேன். அந்த அனுபவத்தையே இன்று உங்கள் முன் வைக்க எண்ணுகிறேன்.

முதலில் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம். மைக்ரோகண்ட்ரோலர், அதாவது நுண்கட்டுப்படுத்தி, ஒரே சில்லுக்குள் அடங்கிய சிறு கணிப்பொறி. கணக்கிடும் பகுதி, நினைவகம், வெளியுலகோடு தொடர்பு கொள்ளும் வழிகள் ஆகிய மூன்றும் அதனுள்ளேயே உள்ளன. 1974-இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்தின் டி.எம்.எஸ். 1000 விற்பனைக்கு வந்தது. 1980-இல் இன்டெல் நிறுவனத்தின் 8051 வந்தது. நம் பொறியியற் கல்லூரிகளில் பல தலைமுறை மாணவர் பயின்றது இந்த 8051-ஐத்தான். இன்று துணி துவைக்கும் இயந்திரத்திலும் மின்சார மீட்டரிலும் இவ்வினத்துச் சில்லுகள் அமைதியாக உழைத்துக்கொண்டிருக்கின்றன.

நான் குடியிருப்பது மயிலாப்பூரில், ஆறு குடும்பங்கள் வாழும் பழைய அடுக்ககம் ஒன்றில். குடிநீர் வாரியத்தின் நீர் தரைக்கு அடியிலுள்ள சம்ப்பில் விழும். மோட்டார் அதனை மாடித் தொட்டிக்கு ஏற்றும். மோட்டாரை நிறுத்த மறந்தால் நீர் மாடியிலிருந்து வழிந்தோடும். 2019-ஆம் ஆண்டுக் கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் ஏறக்குறைய வறண்டுபோக, லாரித் தண்ணீருக்குக் குடங்களோடு வரிசையில் நின்ற சென்னைவாசிகளுக்கு, அவ்வாறு வழிந்தோடும் நீரின் அருமையை யாரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

எங்கள் அடுக்ககத்துப் பொறியியல் மாணவன் ஒருவன் இதற்குத் தானியங்கிக் கருவி செய்ய முன்வந்தான். என்னிடம் யோசனை கேட்டான். "உள்ளவற்றுள் ஆற்றல் மிக்கதை வாங்கு" என்றேன். அவனும் ரிச்சி தெருவுக்குச் சென்று, வைஃபை வசதியுடைய பலகையொன்றை வாங்கி வந்தான். தொட்டியின் நீர்மட்டம் இணையம் வழியே எங்கோ தொலைவிலுள்ள கணிப்பொறிக்குச் செல்லும்; "நிறுத்து" என்னும் கட்டளை அங்கிருந்து திரும்பி வரும். கைப்பேசியில் நீரளவைக் கண்டு நாங்கள் அனைவரும் வியந்தோம்.

மே மாதத்து இரவொன்றில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தபோது இணையத் தொடர்பு அறுந்தது. நிறுத்தும் கட்டளை வரவில்லை. மாடித் தொட்டி நிரம்பி வழிந்தது, சம்ப் வற்றியது, பின்னர் நீரின்றி ஓடிய மோட்டாரின் சுருளும் கருகிப்போயிற்று. தொட்டியிலிருந்த நீர் தீர்ந்ததும் ஆறு வீடுகளிலும் நீர் இல்லை. மூன்றாம் மாடியில் தனியே வாழும் மூதாட்டி வெறுங்குடத்துடன் படியிறங்கி வந்ததைக் கண்டு அம்மாணவன் தலைகுனிந்து நின்றான். பிழை அவனுடையது மட்டுமா? "எந்த வேலைக்கு?" என்று கேளாமலே விடை கூறியவன் நானல்லவா!

அன்று மாலையே இருவரும் தாளும் எழுதுகோலுமாக அமர்ந்தோம். சில்லை மறந்துவிட்டு வேலையை மட்டும் எழுதினோம். மாடித் தொட்டியில் நீர் கீழ்க்குறிக்கு இறங்கினால் மோட்டார் ஓடவேண்டும்; மேற்குறியை எட்டினால் நிற்கவேண்டும். குறி ஏன் இரண்டு? ஒரே குறியாயின், நீர் அங்கே அலையுந்தோறும் மோட்டார் ஓடுவதும் நிற்பதுமாகத் துடிக்கும். அடுத்து, சம்ப்பில் நீர் இல்லையேல் ஓடவே கூடாது. மிதவை பழுதுபட்டாலும் தீங்கு நேராவண்ணம், குறித்த நேரத்துக்கு மேல் ஓடினால் தானே நிற்கவேண்டும். மின்தடை நீங்கி மின்சாரம் மீளும்போது, மோட்டார் நின்ற நிலையிலேயே சில்லு விழித்தெழவேண்டும். இவ்வளவே வேலை. இதில் இணையத்துக்கு இடம் எங்கே?

இப்போது சில்லுகளைப் பார்ப்போம். 2005-இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில் மாணவர்க்கெனத் தோன்றியது ஆர்டுயினோ. அதன் ஊனோ பலகையிலுள்ள ஏ.டி.மெகா 328பி சில்லு 8 பிட் வகையது. வேகம் 16 மெகாஹெர்ட்ஸ். நிரல் தங்க 32 கிலோபைட், செயல்நினைவு 2 கிலோபைட். 2016-இல் வந்த இ.எஸ்.பி. 32 சில்லுக்கு 240 மெகாஹெர்ட்ஸ் வேகமும், 520 கிலோபைட் செயல்நினைவும், வைஃபையும் உண்டு. 2021-இல் வந்த ராஸ்பெர்ரி பை பிக்கோ 264 கிலோபைட் செயல்நினைவு உடையது. எண்களை மட்டும் நோக்கினால் முதலாவது மிக எளியது. ஆனால் நான்கு மிதவைகளைப் பார்த்து ஒரு மோட்டாரை இயக்க அந்த 2 கிலோபைட்டே தாராளம். மேலும், நிரல் எங்கேனும் சிக்கி நின்றுவிட்டால் சில்லைத் தானே மீண்டும் தொடங்கச் செய்யும் காவற் கடிகாரமும் அதனுள் உண்டு. எங்கள் வேலைக்கு வேண்டியது வேகமன்று, இந்தக் காவலே.

சில்லின் மின்னியல்பையும் அறியவேண்டும். ஊனோ 5 வோல்ட்டில் இயங்குவது, இ.எஸ்.பி. 32-உம் பிக்கோவும் 3.3 வோல்ட்டில் இயங்குபவை. 5 வோல்ட் உணரியை அவற்றில் நேரே இணைத்தால் சில்லு பழுதாகலாம். ஏ.டி.மெகாவின் ஒரு காலிலிருந்து 20 மில்லி ஆம்பியர் அளவே எடுப்பது நன்று. சாதாரண 5 வோல்ட் ரிலேயின் சுருளுக்கோ ஏறத்தாழ 70 மில்லி ஆம்பியர் வேண்டும். ஆகவே இடையில் ஒரு டிரான்சிஸ்டரும், சுருள் அணையும்போது எழும் எதிர் மின்னழுத்தத்தைத் தாங்க ஒரு டையோடும் இன்றியமையாதவை. மோட்டார் புறப்படும் கணத்தில் வழக்கத்தினும் பன்மடங்கு மின்னோட்டம் பாயும். எனவே அந்தச் சிறு ரிலே காண்டாக்டரை மட்டும் இயக்கட்டும். காண்டாக்டர் மோட்டாரை இயக்கட்டும். 230 வோல்ட் இணைப்பு உரிமம் பெற்ற மின்பணியாளரின் வேலை. மாணவர் அதில் கை வைத்தல் கூடாது.

உணரியைப் பற்றியும் ஒரு சொல். நீரில் செப்புக் கம்பிகளை இட்டு நேர்மின்னோட்டம் செலுத்தினால், மின்பகுப்பினால் கம்பி நாளடைவில் அரிக்கப்படும். உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பும் படியும். ஆதலால் மூடிய மிதவை விசையையே தேர்ந்தோம்.

இங்கே நம் ஊர்ப் பெருமையொன்றைக் கூறாமல் விட மனம் வரவில்லை. அடையாற்றை அடுத்த சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் வீ. காமகோடி தலைமையிலான குழு "சக்தி" என்னும் செயலியை வடிவமைத்தது. அக்குடும்பத்தின் சில்லுகள் 2018-இல் உருப்பெற்றன. 2020-இல், இத்தகைய சிறு கருவிகளையே கருதி, "மூஷிக்" வந்தது. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2010-இல் தொடங்கிய ரிஸ்க்-ஃபைவ் என்னும் திறந்த கட்டளைத் தொகுதியே இவற்றுக்கு அடிப்படை. அதனைப் பயன்படுத்த எவருக்கும் உரிமைத்தொகை செலுத்த வேண்டுவதில்லை. சில்லின் உள்ளமைப்பைக் கற்க விரும்புவோர் இவ்வழியே செல்லலாம். ஆனால் அடுத்த வாரம் ஆறு வீடுகளுக்கு நீர் ஏறவேண்டுமாயின், நூலும் உதிரியும் துணைபுரிவோரும் எளிதில் கிடைக்கும் சில்லே உகந்தது. கற்பதற்கு ஒன்று, பிழைப்பதற்கு ஒன்று என இருப்பதில் இழுக்கில்லை.

முடிவில் எங்கள் அடுக்ககத்தில் சிறிய ஏ.டி.மெகா மோட்டாரை ஆளுகிறது. பழைய வைஃபை பலகையையும் நாங்கள் எறிந்துவிடவில்லை. நீரளவைக் கைப்பேசிக்கு அறிவிக்கும் பணி அதற்கு. செய்தி சொல்லலாமேயன்றிக் கட்டளை இட அதற்கு அதிகாரமில்லை. கையால் நிறுத்தும் பழைய சுவிட்சும் சுவரில் அப்படியே இருக்கிறது. அதன் பின் இணையம் பன்முறை அறுந்தது. மோட்டார் தன் குறியில் நிற்கத் தவறியதில்லை. அம்மூதாட்டிக்கு இதன் நுட்பம் ஒன்றும் தெரியாது. குழாயைத் திறந்தால் நீர் வருகிறது என்பது மட்டும் தெரியும். கருவி செய்தவனுக்கு அதைவிடச் சிறந்த நற்சான்று வேறில்லை.

பொன்னை நிறுக்கும் தராசு வேறு, விறகை நிறுக்கும் தராசு வேறு. எது சிறந்தது என்று கேட்டுப் பயனில்லை. எதை நிறுக்கப் போகிறோம் என்றே கேட்கவேண்டும். ஆகவே மாணவர்களே, கடைக்குப் போகுமுன் ஒரு தாளை எடுங்கள். கருவி செய்யவேண்டியது யாது, அது செயலிழந்தால் துன்புறுவோர் யாவர் என்னும் இரண்டையும் எழுதுங்கள். எந்தச் சில்லு வேண்டும் என்பது பெரும்பாலும் அத்தாளிலேயே விளங்கிவிடும்.