முன் ஸீட்டு இல்லாத வாகனம்

உங்கள் வீட்டில் எல்லோருமாக வெளியூர் கிளம்பும்போது முதல் சண்டை எதற்கு வருகிறது? கார் என்றால் முன் ஸீட்டுக்கு; பஸ் என்றால் ஜன்னல் ஓரத்துக்கு; ரயில் என்றால் கீழ்ப் படுக்கைக்கு. இல்லையென்று சொல்லாதீர்கள்!

இந்தச் சண்டைக்கு இடமே கொடாத வாகனம் ஒன்று இருக்கிறது. அதற்கு முன்பக்கமும் கிடையாது, பின்பக்கமும் கிடையாது. வட்டமாக இருப்பதால் ஒதுங்கி உட்கார மூலைகூடக் கிடையாது. அதில் ஏறினால் மாமியாரும் மருமகளும் முழங்காலோடு முழங்கால் இடிக்க, முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். பரிசலைத்தான் சொல்கிறேன். அதில் ஏற ஆசையிருந்தால் ஒகேனக்கல்லுக்கு வாருங்கள்.

தர்மபுரியிலிருந்து பென்னாகரம் வழியாகச் சுமார் 45 கிலோ மீட்டர். கடைசிப் பகுதி காட்டு வழியாக வளைந்து வளைந்து இறங்கும். கன்னடத்தில் 'ஹொகெ' என்றால் புகை. காவிரி பல கிளைகளாகப் பிரிந்து பாறைகளின் மேல் விழ, தெறித்து எழும் திவலை புகைபோலத் தோன்றுவதால் 'புகையும் கல்' என்று பெயர். எதிர்க்கரை கர்நாடகம்; இக்கரை தமிழ்நாடு. திவலை மட்டும் எல்லை பார்க்காமல் இரண்டு பக்கமும் தெறிக்கிறது.

ஓர் எச்சரிக்கை. பஸ்ஸை விட்டு இறங்கியதும் கையிலுள்ள வாழைப்பழத்தை மறைத்துக்கொள்ளுங்கள். இவ்வூர்க் குரங்குகளோடு நீங்கள் விளையாட வேண்டியதில்லை. அவையே உங்களோடு விளையாடிவிடும்.

ஆபீஸரும் நல்லெண்ணெயும்

அருவிக்குப் போகும் வழியெல்லாம் எண்ணெய்க் கிண்ணத்தோடு தொழிலாளர்கள் நிற்பார்கள். ஒகேனக்கல் எண்ணெய்க் குளியல் அத்தனை பிரசித்தம்.

அங்கே பாறை மேல் குப்புறப் படுத்திருப்பவரைப் பாருங்கள். நேற்றுவரை அவருடைய மேஜை மணி அடித்தால் நாலு பேர் ஓடி வந்திருப்பார்கள். இன்று இடுப்பில் ஒரு துண்டு, முதுகெல்லாம் நல்லெண்ணெய். உச்சந்தலையில் தாளம் போடுகிறார் தொழிலாளி. "திரும்புங்க!" என்றால் திரும்புகிறார். "கையைத் தூக்குங்க!" என்றால் தூக்குகிறார். சற்றுத் தள்ளி நின்று அவருடைய பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அவரும் சிரிக்கிறார். வீட்டில் இப்படிச் சிரித்து எத்தனை நாள் ஆயிற்றோ!

ஒருவரைப் பார்த்துச் சிரிப்பது வேறு. ஒருவரோடு சேர்ந்து சிரிப்பது வேறு. முன்னது புண்படுத்தும், பின்னது ஆற்றும். இந்த ஊரில் எல்லோருக்கும் எண்ணெய் வழிகிறது, எல்லோரும் நனைந்துதான் தீரவேண்டும். ஆகவே யாரும் யாரையும் கேலி செய்ய முடிவதில்லை.

சுற்றுது, சுற்றுது!

இனிப் பரிசலுக்கு வாருங்கள். மூங்கில் பிளாச்சுகளைப் பின்னிய பெரிய கூடை, அவ்வளவுதான். முன்காலத்தில் வெளியே தோல் போர்த்தினார்கள். இப்போது தண்ணீர் புகாத பிளாஸ்டிக் விரிப்பும் தாரும் தோலின் வேலையைச் செய்கின்றன.

நம் ஊர்ச் சரக்கு மட்டும் என்று எண்ணிவிடாதீர்கள். 1520ஆம் ஆண்டு வாக்கில் விஜயநகரத்துக்கு வந்த போர்த்துகீசியரான டொமிங்கோ பயஸ், உள்ளே பிரம்பும் வெளியே தோலுமாகக் கூடை போன்ற வட்டப் படகுகளில் மக்கள் ஆற்றைக் கடப்பதைக் கண்டு எழுதினார். அதற்கும் சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர், கிரேக்கரான ஹெரோடோட்டஸ், பாபிலோனுக்குச் சரக்கு ஏற்றி வரும் வட்டத் தோல் படகுகளைப் பற்றி எழுதினார். அந்தப் படகு ஒவ்வொன்றிலும் ஒரு கழுதையும் பிரயாணம் செய்யுமாம்! ஏன் தெரியுமா? வேகமான ஆற்றில் எதிர்நீச்சலாகப் படகு திரும்ப முடியாது. ஆகவே சரக்கை விற்றதும் படகைப் பிரித்துத் தோலைக் கழுதை மேல் ஏற்றிக்கொண்டு தரைவழியே ஊர் திரும்புவார்களாம். ஒகேனக்கல்லில் கழுதை கிடையாது. படகு செல்லாத இடத்தில் பரிசலோட்டியே பரிசலைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு நடக்கிறார். தூரத்திலிருந்து பார்த்தால், பெரிய ஆமை ஒன்று இரண்டு காலில் எழுந்து நடப்பது போல் இருக்கும்.

வட்டப் படகின் இயல்பு சுற்றுவது. அதைச் சுற்றாமல் நேரே செலுத்துவதுதான் சாமர்த்தியம். ஒரே துடுப்பை மாற்றி மாற்றிப் போட்டு, பாறை இடுக்குகளில் அதை நூல் பிடித்தாற்போல் கொண்டுபோகிறார் பரிசலோட்டி. பிறகு ஆழமும் அமைதியுமான இடத்துக்கு வந்ததும், உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு சுழற்றுச் சுழற்றுவார், பாருங்கள்! குன்றுகள் ஓடும்; வானம் ஓடும்; பாட்டி முருகனைக் கூப்பிடுவாள்; பேரன் "இன்னொரு தடவை!" என்று கத்துவான். நின்றதும் பாட்டியும் மெதுவாக, "இன்னொரு தடவைதான் சுற்றட்டுமே" என்பாள்.

மீன் வேகும் நேரம்

கரையேறினால் பசி. கட்லாவோ, ரோகுவோ, வாளையோ நீங்களே பார்த்து வாங்கிக் கொடுத்தால், சமைத்துத் தரப் பெண்கள் இருக்கிறார்கள். ஆனால் மசாலா அரைத்து, குழம்பு கொதித்து, இலை போட நேரம் ஆகும். அந்த நேரத்தை என்ன செய்வது? கைப்பேசியை எடுக்கலாம், ஆளுக்கொரு பக்கம் திரும்பி உட்காரலாம். அதைத் தவிர வேறொன்றும் செய்யலாம்.

ஒரு கரித்துண்டு எடுங்கள். தட்டையான பாறையில் ஆடுபுலிக் கட்டம் போடுங்கள். பொடிக் கற்கள் 15 ஆடுகள். பெரிய கற்கள் மூன்றும் புலிகள். புலி ஆட்டைத் தாண்டி வெட்டலாம். ஆடு புலியை வெட்ட முடியாது. பிறகு எப்படித்தான் ஜயிப்பது? ஆடுகள் ஒன்றையொன்று ஒட்டி நின்று, புலி தாண்ட இடமில்லாமல் செய்துவிட்டால் புலி தானே அகப்பட்டுக்கொள்ளும். தனியே திரிந்த ஆடு போயிற்று. கூடி நின்ற ஆடு பிழைத்தது. பள்ளிக்கூடம் அதிகம் பார்க்காத பாட்டி இந்தக் கணக்கில் பட்டதாரிப் பேரனைத் திணற அடிப்பதைப் பார்க்க வேண்டுமே!

தாயம் ஆட வேண்டுமா? நாலு புளியங்கொட்டையை ஒரு பக்கம் பாறையில் தேய்த்தால் பகடை தயார். முதல் காய் இறங்கத் தாயம் விழ வேண்டும். வயசுக்கும் சம்பளத்துக்கும் அது விழாது. அப்பா பத்துத் தடவை உருட்டியும் காய் இறங்காமல் விழிப்பார். ஏழு வயசுச் சிறுமி முதல் உருட்டிலேயே போட்டுவிட்டு, அவர் பக்கம் பார்க்காமல் சிரிப்பாள்.

"அந்தக் காலத்து விளையாட்டெல்லாம் போயே போய்விட்டது!" என்று நாம் பெருமூச்சு விடுகிறோம். எங்கே போயிற்று? பல்லாங்குழிப் பலகை பரணில் இருக்கிறது. சோழி டப்பாவில் இருக்கிறது. ஆடுபுலிக்குக் கரியும் கல்லும் போதும். இல்லாமல் போனது எதிரே உட்கார ஓர் ஆள்தான். பாட்டி கூப்பிட்டபோது நமக்கு நேரமில்லை. நமக்கு நேரம் வந்தபோது பல வீடுகளில் பாட்டி இல்லை. இதை மட்டும் எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

ஆற்றின் விதி

தாயத்தில் வெட்டுப்பட்ட காய் மறுபடி முதலிலிருந்து வரலாம். ஆற்றில் அந்தச் சலுகை கிடையாது. ஒகேனக்கல்லுக்கு வருகிறவர்கள் மறக்கக் கூடாத விஷயம் இது. பாறை வழுக்கும், சுழல் கண்ணுக்குத் தெரியாது. பரிசலில் ஏறுமுன் மிதவைச் சட்டையைக் கட்டிக்கொள்ளுங்கள். "எனக்கு நீச்சல் தெரியும்" என்கிற மாமாவுக்கு முதலில் கட்டுங்கள்! "அசையாம உக்காருங்க" என்று பரிசலோட்டி சொன்னால், அந்த நேரத்துக்கு அவர்தான் உங்கள் மேலதிகாரி.

கர்நாடக அணைகள் நிரம்பித் தண்ணீர் திறந்தால் இங்கே ஆறு திடீரென்று உயரும். 2018 ஆகஸ்டிலும் 2024 ஜூலைக் கடைசியிலும் நொடிக்கு லட்சம் கன அடிக்கு மேல் வெள்ளம் வந்தது. அப்படிப்பட்ட நாட்களில் குளிக்கவும் பரிசல் ஓட்டவும் மாவட்ட நிர்வாகம் தடை போட்டுவிடும். நமக்கு அது ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏமாற்றம். பரிசலோட்டிக்கும், எண்ணெய் தேய்ப்பவருக்கும், மீன் வறுக்கும் அம்மாளுக்கும் அது அன்றைய அரிசி. டெல்டாவில் தண்ணீர் வந்ததென்று மகிழும் அதே வெள்ளத்தால் இங்கே பரிசல்கள் கரையில் கவிழ்ந்து கிடக்கின்றன. ஆகவே அடுத்த முறை பேரம் பேசும்போது, அவர்கள் தொழிலில் இப்படிக் கழிந்துபோகும் நாட்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் கேட்டால் மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. நியாயமான கூலியைக் குறைத்துவிட்டு அதைச் சாமர்த்தியம் என்று சொல்லிக்கொள்ள மட்டும் உரிமையில்லை.

வெள்ளம் என்று தடை போட்டிருக்கிறார்களா? போகட்டும், ஒகேனக்கல் எங்கும் ஓடிவிடாது. வீட்டுக் கூடத்தில் எல்லோரும் வட்டமாக உட்காருங்கள். பரணிலிருந்து பல்லாங்குழியை இறக்குங்கள். வீட்டில் பாட்டி இருந்தால் முதல் ஆட்டம் அவளோடு ஆடுங்கள். விட்டுக்கொடுத்து ஆடாதீர்கள், அவளுக்குக் கோபம் வரும். எப்படியும் ஜயிக்கப் போவது அவள்தானே!