ஒரு வண்டித் தடமும் ஒரு ஃபயர்வாலும்

2009-இல் வேலை விஷயமாக ஏழு மாதம் தெற்கு கலிஃபோர்னியாவில் இருந்தேன். என் டீமில் இருந்த ஒரு அமெரிக்கர், அறுபதைத் தாண்டியவர், ஒரு சனிக்கிழமை என்னை மொஹாவி பாலைவனத்துக்கு டர்ட் பைக் ஓட்டக் கூட்டிப் போனார். அவருக்கு முட்டியில் அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. பைக்கை விட்டுவிட்டு ஏடிவிக்கு மாறியிருந்தார். அகலமான, காற்றுக் குறைந்த நாலு டயர், பைக் மாதிரியே ஹேண்டில்பார். அதுதான் ஏடிவி.

ஓரிடத்தில் தடம் குண்டும் குழியுமாக இருந்தது. நான் பக்கத்து மண்ணில் இறங்கி, ஒரு இருபது மீட்டர் சுற்றி, மறுபடி தடத்தில் ஏறினேன். மனுஷன் வண்டியை நிறுத்திவிட்டார். திட்டவில்லை. என் டயர் உடைத்த மண்ணைக் கையில் எடுத்துக் காட்டினார். மேலே மெல்லிசாக, கரும்புள்ளிகளோடு ஒரு பொருக்கு. "இதுக்கு உயிர் இருக்கு. நீ ஊருக்குப் போய் ரிட்டயர் ஆன பிறகும் இந்தக் கோடு இங்கேயே இருக்கும்" என்றார்.

இதே மனுஷன், திரும்பி வரும் வழி முழுக்க வேறு ஒன்றைப் புலம்பிக்கொண்டு வந்தார்: "வருஷா வருஷம் ஒவ்வொரு பாதையா மூடிக்கிட்டே வர்றாங்க. இந்த முட்டியை வெச்சுக்கிட்டு நான் எங்க நடக்கிறது?"

இரண்டையும் ஒரே ஆள் சொன்னதுதான் எனக்குள் தங்கிவிட்டது. அதன்பிறகு ஓய்வு நேரத்தில் தேடிப் படித்ததன் சுருக்கம் இது.

யாருடைய நிலம்?

அமெரிக்காவில் மத்திய அரசின் கையில் இருக்கும் நிலத்தின் அளவு நம்மை மலைக்க வைக்கும். நில மேலாண்மைப் பணியகம் (சுருக்கமாக பிஎல்எம்) மட்டும் சுமார் 24.5 கோடி ஏக்கரைப் பார்த்துக்கொள்கிறது. வனத்துறையிடம் சுமார் 19.3 கோடி ஏக்கர். பெரும்பகுதி மேற்கு மாநிலங்களில். இவை தேசியப் பூங்காக்கள் போல முழுக்கப் பாதுகாக்கப்பட்டவை அல்ல. மேய்ச்சல், சுரங்கம், வேட்டை, நடைப்பயணம், வண்டி ஓட்டுவது எல்லாமே நடக்கும். பிஎல்எம் நிலங்களுக்கான 1976-ஆம் ஆண்டுச் சட்டமே பல பயன்பாடுகளுக்கு இடம் கொடு, ஆனால் நிலத்தின் வளம் குறையாமல் பார்த்துக்கொள் என்றுதான் சொல்கிறது. சண்டையின் விதை அந்த ஒரு வாக்கியத்திலேயே இருக்கிறது.

அந்தப் பொருக்கு என்ன?

சயனோபாக்டீரியா, லைக்கன், பாசி எல்லாம் சேர்ந்து பாலைவன மண்ணின் மேல் ஒரு தோல் மாதிரி படர்கின்றன. அவற்றின் நுண்ணிழைகள் மணல் துகள்களைப் பிணைத்து வைக்கும். காற்றும் மழையும் மண்ணை அள்ளிப் போகாமல் தடுப்பது அதுதான். ஒரு டயர் போதும், உடைந்துவிடும். திரும்ப வளரப் பல பத்தாண்டுகள் ஆகலாம். 1942-இல் ஜெனரல் பேட்டன் இதே பாலைவனத்தில் தொடங்கிய ராணுவப் பயிற்சி முகாமின் டாங்கித் தடங்கள் இன்னும் சில இடங்களில் தெரிகின்றன. நண்பர் சொன்னது மிகைப்படுத்தல் இல்லை.

இன்னொரு கட்சிக்காரர், பாலைவன ஆமை. வாழ்நாளின் பெரும்பகுதியை மண்ணுக்குள் வளையில் கழிக்கும் பிராணி. மொஹாவி ஆமைகளை 1990-இல் அழியும் ஆபத்துள்ளவை என்று பட்டியலில் சேர்த்தார்கள். நிறுத்தியிருக்கும் வண்டியின் நிழலில் வந்து படுத்துக்கொள்ளும் பழக்கம் அதற்கு உண்டு. அங்கே வண்டியைக் கிளப்பும் முன் குனிந்து அடியில் பார்க்கச் சொல்வார்கள்.

திறந்த கதவு, மூடிய கதவு

அறுபதுகளில் மலிவான மோட்டார் சைக்கிள்கள் வந்து குவிந்தன. தடுக்க விதி எதுவும் பெரிதாக இல்லை. பார்ஸ்டோவிலிருந்து லாஸ் வேகஸ் வரை 1967-இல் தொடங்கிய பாலைவன ரேஸில், 1974 வாக்கில் சுமார் 3,000 பேர் ஓட்டினார்கள். அத்தனை வண்டிகளும் ஒரே நேரத்தில் கிளம்பினால் அந்த மண் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அடுத்த வருடம் பிஎல்எம் அனுமதி மறுத்தது. 1983-இல் ரேஸ் திரும்ப வந்தது. 1989-ஓடு நின்றுபோனது.

இதற்கு நடுவே, 1972 பிப்ரவரியில் அதிபர் நிக்சன் 11644 என்ற எண்ணுள்ள ஆணையைப் பிறப்பித்தார். நாட்டில் இப்படிப்பட்ட வண்டிகள் 50 லட்சம் இருக்கலாம் என்று அந்த ஆணையே சொல்கிறது. எங்கே ஓட்டலாம், எங்கே கூடாது என்று துறைகள் வரையறுக்க வேண்டும். அப்போது மண்ணுக்கும் செடிகொடிகளுக்கும் சேதம், விலங்குகளுக்குத் தொல்லை, மற்ற பயணிகளோடு உரசல் இவை மூன்றையும் குறைந்தபட்சமாக்க வேண்டும். 1977-இல் அதிபர் கார்ட்டர் ஒரு படி மேலே போனார். கணிசமான சேதம் தெரிந்தால் அந்த இடத்தை உடனே மூடு என்றார்.

ஆனால் காகிதத்தில் இருப்பது தரைக்கு வரப் பல ஆண்டுகள் ஆயின. எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், ஃபயர்வாலில் இரண்டு வகை உண்டு. தடுத்ததைத் தவிர எல்லாவற்றையும் விடுவது ஒன்று, அனுமதித்ததைத் தவிர எல்லாவற்றையும் தடுப்பது இன்னொன்று. தேசியக் காடுகள் பலவற்றில் நீண்டகாலம் முதல் வகைதான். பலகை வைத்து மூடாத இடமெல்லாம் திறந்த இடம். ஒருத்தர் போன கோடு அடுத்தவருக்குப் பாதையாகிவிடும். நான் போட்ட இருபது மீட்டரும் அப்படி ஒன்றின் தொடக்கமாக இருந்திருக்கலாம்.

2005-இல் வனத்துறை இதைத் தலைகீழாக்கியது. ஒவ்வொரு காடும் வண்டி ஓடும் சாலை, தடம், பகுதி எது எதுன்னு குறித்து ஒரு வரைபடம் வெளியிட வேண்டும். அதில் இல்லாத பாதையில் வண்டி ஓட்டினால் குற்றம். அங்கே பலகை இல்லை என்பது சாக்கு ஆகாது. வரைபடத்தைப் பார்ப்பது ஓட்டுபவர் பொறுப்பு. எந்தப் பாதையில் எந்த வகை வண்டி, வருடத்தில் எந்த மாதங்கள், 50 அங்குல அகலத்துக்குள் இருக்க வேண்டுமா, எல்லாம் அதிலேயே இருக்கும்.

நீதிமன்றம் எதைப் பார்க்கும்?

யூட்டா மாநிலத்தின் நிலங்களை வண்டிகளிடமிருந்து பிஎல்எம் காப்பாற்றவில்லை என்று ஒரு சூழல் அமைப்பு போட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2004-இல் அமைப்பு தோற்றது. சட்டம் குறிப்பாகக் கட்டளையிட்ட ஒரு செயலைச் செய்யாவிட்டால்தான் நீதிமன்றம் கட்டாயப்படுத்த முடியும், ஒரு துறையின் அன்றாட நிர்வாகத்தை நாங்கள் நடத்த முடியாது என்றது தீர்ப்பு. பொதுவாக "காப்பாற்றவில்லை" என்று வழக்குப் போடுவது இதனால் கடினமானது.

ஆனால் துறை ஒரு முடிவை எடுத்துவிட்டால் கதை வேறு. மேற்கு மொஹாவியில் பிஎல்எம் சுமார் 5,000 மைல் பாதைகளை வண்டிகளுக்குத் திறந்து வைத்திருந்தது. 2009-இல், நான் அங்கே இருந்த அதே வருடம், கூட்டாட்சி நீதிமன்றம் அதில் குறை கண்டது. நிக்சன் ஆணையின் அந்த "குறைந்தபட்சமாக்கு" நிபந்தனைகளை வைத்துத்தான் பாதைகளைத் தேர்ந்தெடுத்தோம் என்று துறையால் காட்ட முடியவில்லை. புதிய திட்டம் முடிவாக 2019 ஆனது.

சரி, அந்த முட்டி?

உடல் இயலாமை உள்ளவர்களுக்கு விதி ஒன்று வைத்திருக்கிறது. கட்டடத்துக்குள் நடப்பவர்களோடு சேர்ந்து ஓட்டக்கூடிய சக்கர நாற்காலி, பேட்டரியில் ஓடினாலும், வனத்துறையின் கணக்கில் மோட்டார் வண்டி அல்ல. ஏடிவி அந்த வரையறைக்குள் வராது. ஆக என் நண்பருக்கு மூடிய பாதை மூடியதுதான்.

மூடிக்கொண்டே போனால் ஓட்டுகிறவர்கள் மறைந்துவிடுவதில்லை, மிச்சமிருக்கும் இடத்தில் நெருக்குகிறார்கள். பெரிய திறந்தவெளியான ஜான்சன் பள்ளத்தாக்கின் ஒரு பகுதியை 2013-இல் காங்கிரஸ் கடற்படைவீரர் முகாமின் பயிற்சிக்குக் கொடுத்தது. மீதியை வண்டிகளுக்கென்றே சட்டத்தில் எழுதி வைத்தது. கலிஃபோர்னியா மாநிலம் 1971-லிருந்தே இன்னொரு வழியையும் வைத்திருக்கிறது. இந்த வண்டிகளின் பதிவுக் கட்டணத்தையும் அவை எரிக்கும் பெட்ரோல் வரியின் பங்கையும் ஒரு நிதியில் சேர்த்து, ஓட்டுவதற்கான தனி இடங்களை நடத்துகிறது, சேதத்தைச் சீர்செய்கிறது.

என் முடிவு இதுதான். வரைபடத்தில் இல்லாவிட்டால் மூடியது என்ற விதி சரி. உடைந்த பொருக்கு நம் ஆயுளுக்குள் ஒட்டாது. மூடிய பாதையை நாளைக்கே திறந்துவிடலாம். திருத்த முடியாத தப்பின் பக்கம்தான் கவனம் அதிகம் வேண்டும். ஆனால் அந்த வரைபடத்தில் உண்மையாகவே போய்வரத் தகுந்த பாதைகள் இருக்க வேண்டும், முட்டி தேய்ந்தவர் போய் சூரிய அஸ்தமனம் பார்க்க ஒரு மேடாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் விதியை மதிக்கிறவர்கள்தான் முதலில் தோற்பார்கள். என்னைத் தடத்துக்குத் திரும்பச் சொன்னவர் அப்படி ஒருத்தர்.

கூகுள் எர்த்தில் அந்த இடத்தைத் தேடிப் பார்த்தேன். என் இருபது மீட்டர் அதில் தெரியவில்லை. தரையில் இருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.