ஆட்டோகிராஃப் வாங்கப் போறீங்களா? முதல்ல நல்ல ஸ்டில்லைத் தேடுங்க!

ஊரில் ஜவுளிக்கடைத் திறப்பு விழா. பிரபல நடிகர் வருகிறார் என்றால் செல்ஃபி எடுக்க ஒரு கூட்டம் முண்டியடிக்கும். அதே கூட்டத்தில் கையில் ஒரு போட்டோவும் மார்க்கருமாகச் சிலர் பொறுமையாக நிற்பார்கள். அந்த நடிகர் கலக்கிய படத்தின் காட்சியிலேயே அவரிடம் கையெழுத்து வாங்கிவிட வேண்டும் என்பது அவர்களின் ஆசை.

கையெழுத்து கிடைத்த பிறகுதான் பலருக்குப் போட்டோவின் குறை தெரியும். வாட்ஸ்அப்பில் வந்த படத்தைப் பெரிதாக பிரின்ட் போட்டிருப்பார்கள். முகம் கட்டம் கட்டமாக உடைந்திருக்கும். இளம் நடிகர் என்றால் இன்னொரு வாய்ப்பு வரலாம். எண்பது வயதைத் தொட்ட கலைஞர் என்றால்? அதனால்தான் பேனாவுக்கு முன்னால் போட்டோவைக் கவனிக்க வேண்டும்.

கணக்கு ரொம்ப சிம்பிள்

ஆட்டோகிராஃப் சேகரிப்பவர்கள் உலகம் முழுக்க அதிகம் விரும்பும் அளவு 8×10 அங்குலம். தெளிவான பிரின்ட்டுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் தேவை. அதாவது, படம் 2400×3000 பிக்சல் இருக்க வேண்டும்.

இன்ஸ்டாகிராமில் சாதாரணமாகக் கிடைக்கும் படத்தின் அகலம் 1080 பிக்சல். அதே தரத்தில் பிரின்ட் போட்டால் மூன்றரை அங்குலம்தான் வரும். போன் திரையில் பளிச்சென்று இருப்பதை நம்பி ஏமாற வேண்டாம். படத்தின் 'டீடெய்ல்ஸ்' பகுதியைத் திறந்து பிக்சல் எண்ணிக்கையைப் பார்த்துவிடுங்கள்.

ஸ்கிரீன்ஷாட் ஏன் சரிவராது?

ஓ.டி.டி-யில் படத்தை நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் போதாதா என்று தோன்றும். ஃபுல் ஹெச்.டி. படமே 1920×1080 பிக்சல்தான். அதில் முகத்தை மட்டும் வெட்டி எடுத்தால் தபால்தலைக்குப் பெரிய அண்ணன் அளவில்தான் நிற்கும். தவிர, சினிமா விநாடிக்கு 24 பிரேம்களாக ஓடுகிறது. ஓடும்போது அழகாகத் தெரியும் கையசைவு, நிறுத்திப் பார்த்தால் மங்கலாக இருக்கும்.

பழைய சீரியல் ரசிகர்களின் நிலைமை இன்னும் கஷ்டம். 'சித்தி', 'மெட்டி ஒலி' காலத்து டி.வி. ஒளிபரப்பின் அளவு 720×576 பிக்சல். நல்ல பிரின்ட்டாக அதிலிருந்து கிடைப்பது இரண்டரை அங்குலத்துக்கும் குறைவுதான்.

படப்பிடிப்பில் இதற்கென்றே ஒருவர் இருப்பார். அவர்தான் ஸ்டில் போட்டோகிராபர். ஷாட் முடிந்ததும் நடிகர்களை அதே போஸில் நிற்கவைத்துத் தனி கேமராவில் அவர் எடுக்கும் படம்தான் 'ஸ்டில்'. நாம் தேட வேண்டியது அதைத்தான்.

எங்கே தேடுவது?

படத்தின் டைட்டில் கார்டில் 'ஸ்டில்ஸ்' என்ற இடத்தில் வரும் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். நடிகர் பெயரைவிட அந்தப் பெயரைப் போட்டுத் தேடினால் நல்ல படங்கள் சிக்கும். 'ஸ்டில்ஸ்' ரவி போல, தொழிலே பெயரோடு ஒட்டிக்கொண்ட போட்டோகிராபர்களும் நம் சினிமாவில் உண்டு.

கையில் சிறிய படம்தான் இருக்கிறதா? கூகுள் லென்ஸில் கொடுத்தால் அதன் பெரிய அளவு வேறெங்காவது இருக்கிறதா என்று தேடித் தரும். விக்கிமீடியா காமன்ஸில் பட விழாக்களில் எடுத்த நடிகர், நடிகை படங்கள் இருக்கின்றன. அங்கே 'ஒரிஜினல்' அளவைத் தேர்ந்தெடுத்து டவுன்லோட் செய்வது முக்கியம்.

பழைய படங்களுக்குப் பழைய பேப்பர் கடை

கறுப்பு வெள்ளைக் காலத்து ஸ்டில்களுக்கு இணையத்தைவிடப் பழைய புத்தகக் கடைகள் கைகொடுக்கும். அந்தக் கால தியேட்டர் ஷோகேஸில் வைத்திருந்த போட்டோக்கள் கிடைத்தால் அதிர்ஷ்டம். 4×6 அளவு ஒரிஜினல் போட்டோ ஒன்று கிடைத்தால், 600 டி.பி.ஐ.-யில் ஸ்கேன் செய்யுங்கள். 2400×3600 பிக்சல் வந்துவிடும். 8×12 வரை தாராளமாக பிரின்ட் போடலாம்.

பாட்டுப் புத்தகம், பத்திரிகைப் படங்களில் இந்த வித்தை பலிக்காது. அவை புள்ளிகளாக அச்சானவை. பெரிதாக்கினால் புள்ளிதான் தெரியும். அதற்குப் பதில் பாட்டுப் புத்தகத்தின் மீதே கையெழுத்து வாங்கிவிடுங்கள். அதன் அழகே தனி.

புனேயில் 1964-ல் தொடங்கப்பட்ட தேசிய திரைப்பட ஆவணக் காப்பகம் ஸ்டில்கள், போஸ்டர்கள், பாட்டுப் புத்தகங்களைப் பாதுகாக்கிறது. சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் இருக்கிறது. இங்கெல்லாம் முறைப்படி அனுமதி கேட்க வேண்டும்.

ஸ்டில்களின் அருமையை முன்பே உணர்ந்தவர், 'நாடோடி மன்னன்' படத்தின் மூலம் தமிழ் சினிமாவின் முதல் பி.ஆர்.ஓ. ஆன 'பிலிம் நியூஸ்' ஆனந்தன். வாழ்நாள் முழுக்க அவர் சேர்த்த தகவல்களும் படங்களும்தான் பழைய தமிழ்ப் படங்களைப் பற்றி எழுதுபவர்களுக்குப் பெரிய ஆதாரம்.

ஏ.ஐ. செய்யும் குறும்பு

மங்கலான படத்தை ஏ.ஐ. செயலியில் கொடுத்தால் நொடியில் பளிச்சென்று தருகிறது. ஆனால், இல்லாத கண் இமையையும் பல் வரிசையையும் அது தானாகவே வரைந்து வைக்கும். கடைசியில் அது அவரைப் போன்ற யாரோ ஒருவரின் முகமாகிவிடும். அதில் போய் அவரிடமே கையெழுத்து கேட்கலாமா? அதைவிட, நல்ல சிறிய படத்தை 4×6 'மேக்ஸி' அளவில் போடுவது மேல்.

பிரின்ட் போடும்போது...

* முகத்தின் அருகே வெளிர் நிறத்தில் காலி இடம் உள்ள ஸ்டில்லாகத் தேர்ந்தெடுங்கள். கையெழுத்து அங்கேதான் எடுப்பாகத் தெரியும்.
* கலர் ஜெராக்ஸ் வேண்டாம். கலர் லேபில் போட்டோ பேப்பரிலேயே பிரின்ட் கேளுங்கள். 8×10-க்கு வெட்டும்போது தலை வெட்டுப்படாமல் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.
* வெளிர் பின்னணிக்குக் கறுப்பு அல்லது நீல பெர்மனென்ட் மார்க்கர், இருண்ட பின்னணிக்கு சில்வர் மார்க்கர். ஸ்கெட்ச் பேனா தண்ணீர் பட்டால் கரைந்துவிடும்.
* கையெழுத்து போட்டதும் ஒரு நிமிடம் காயவிடுங்கள். லேமினேஷன் செய்ய வேண்டாம். வெயில் படும் சுவரில் மாட்டினால் மை மங்கிவிடும்.

உரிமை யாருக்கு?

இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, ஒரு போட்டோவுக்கு அதை எடுத்தவரின் வாழ்நாள் முழுக்கவும், அவர் இறந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகளுக்கும் பாதுகாப்பு உண்டு. நடிகர் கையெழுத்துப் போட்டுவிட்டதால் படத்தின் உரிமை நமக்கு வந்துவிடாது. பிரதி எடுத்து விற்பது தவறு. ஸ்டில் எடுத்தவர் யாரென்று தெரிந்தால் அவர் பெயரைப் போட்டோவின் பின்பக்கம் குறித்து வையுங்கள். கையெழுத்து வாங்கிய தேதியையும் இடத்தையும் சேர்த்து எழுதினால், நாளை பேரப்பிள்ளைகள் எடுத்துப் பார்க்கும்போது முழுக் கதையும் கிடைக்கும்.