கடிவாளத்தை விட்டாலும் காளைக்கு அஞ்சாத குதிரை! தெரியுமா?

காற்றுக்குப் பிறந்த குதிரை என்றால் நம்புவீர்களா? முதலாம் நூற்றாண்டு ரோமானியர் பிளினி எழுதியே வைத்துவிட்டார்! இன்றைய லிஸ்பன் பக்கம், தேஜோ ஆற்றங்கரையில், பெட்டைக் குதிரைகள் மேற்குக் காற்றைப் பார்த்து நின்றாலே சினையாகிவிடுமாம். குட்டி மின்னலாய்ப் பறக்குமாம். மூன்று வயதைத் தாண்டாதாம். சரியான கட்டுக்கதை! அந்த மண்ணின் குதிரை மட்டும் நிஜம். இன்றைய போர்ச்சுகலின் பெரும்பகுதியை ரோமானியர் லூசிடானியா என்றார்கள்; அந்தப் பெயர்தான் லூசிடானோ குதிரைக்கும் ஒட்டிக்கொண்டது.

இதன் நெஞ்சுரம் தெரிய வேண்டுமா? காளை அரங்குக்கு வாருங்கள். ஸ்பெயினில் ஈட்டிக்காரர் ஏறும் குதிரைக்குக் கண்ணைக் கட்டி, உடம்பில் மெத்தைக் கவசம் போர்த்துவார்கள். போர்ச்சுகலில்? எதுவும் கிடையாது! பாய்ந்து வரும் காளையைக் கண்ணால் பார்த்துக்கொண்டே நிற்கும். காளை நெருங்கியதும் ஒரு சாய்வு, ஒரு சுழற்சி, அவ்வளவுதான். கொம்பு வெறும் காற்றைக் கிழிக்கும். குதிரைமேல் கொம்பு பட்டுவிட்டால் மேலே இருப்பவருக்குத்தான் தலைகுனிவு. இரண்டு கையிலும் சிற்றீட்டி ஏந்தும்போது அவர் கடிவாளத்தையே விட்டுவிடுவார்! அப்போது குதிரைக்குக் கிடைக்கும் சேதியெல்லாம் அவர் தொடையின் அழுத்தமும் இடுப்பின் அசைவும்தான். கொம்புக்குத் தோல் உறை உண்டு, மக்கள் முன்னால் காளையைக் கொல்வதும் பொதுவாக இல்லை. ஆனாலும் அதன் முதுகில் ஈட்டி செருகுவதை என்னால் ரசிக்க முடியவில்லை. என் கண் குதிரையோடு சரி.

இத்தனைக்கும் ஆள் ராட்சசன் இல்லை. ஆண் குதிரை சுமார் 160 சென்டிமீட்டர் உயரம், 500 கிலோ எடை. மூக்குத் தண்டு லேசாக வளைந்திருக்கும்.

வேலை என்று வந்தால்? மாடு மடக்கும், சேணத்தில் இருந்தபடியே ஆள் கதவைத் திறந்து மூடும்வரை அசையாமல் நிற்கும். வண்டியும் இழுக்கும்! 2006-ல் ஆகனில் நடந்த நான்கு குதிரை வண்டி உலகப் போட்டியில் பெல்ஜியத்தின் பிராசர் தங்கம் வென்றது லூசிடானோக்களைப் பூட்டித்தான். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ரூபி என்ற லூசிடானோ, குதிரை நடைப் போட்டியின் இறுதிச் சுற்றுவரை போனது.

அந்த ரூபி பிறந்த பண்ணை எது தெரியுமா? 1748-ல் மன்னர் ஐந்தாம் ஜோவான் ஆல்டர் டோ சாவ் ஊரில் தொடங்கிய அரச பண்ணை! நெப்போலியன் படை சூறையாடியது. முடியாட்சி போனபின் அந்தப் பண்ணைக் குதிரைகளின் வழியே அழியும் நிலை. ருய் டி அந்த்ராதே என்ற குதிரைப் பித்தர் இரண்டு பொலிகுதிரைகளையும் சில பெட்டைகளையும் காப்பாற்றி மறுபடி பெருக்கி, 1942-ல் வேளாண் அமைச்சகத்திடம் ஒப்படைத்தார். இரண்டே இரண்டு!

அந்தப் பண்ணையின் பொலிகுதிரைகள்தான் லிஸ்பனின் குதிரையேற்றக் கலைப் பள்ளியில் இன்று ஆடுகின்றன. போர்ச்சுகலின் குதிரையேற்றக் கலையை 2024-ல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. நவம்பரில் அந்தப் பக்கம் போகிறவர்கள் கோலெகா ஊரின் குதிரைச் சந்தையைத் தவறவிடாதீர்கள். தெருவில் வழிவிட வேண்டியது நீங்கள்தான், குதிரை இல்லை!