பூம் ட்றக் வாங்கப் போகிறீர்களா?

போன விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது மாமா பிடித்துக் கொண்டார். "தம்பி, நீ டிப்ளோமா படிக்கிறாய்தானே? ஒரு பூம் ட்றக் பாத்து வைச்சிருக்கிறன். ஜப்பான் சாமான், மூண்டு தொன் தூக்குமாம். வந்து ஒருக்காப் பாத்துச் சொல்லு." மாமாவுக்குக் கிணற்று வளையமும் வேலித் தூணும் வார்க்கிற சிறு தொழில். இவ்வளவு காலமும் வாடகை லொறிதான். மெக்கானிக்ஸ், ஹைட்றோலிக்ஸ் இரண்டும் பாஸ் பண்ணியவன் என்ற தெம்பில் தலையாட்டி விட்டேன். பிறகுதான் தெரிந்தது, பரீட்சைத் தாளில் எழுதுவது வேறு, ஒருவருடைய காசை வைத்துக் கொண்டு முடிவு சொல்வது வேறு என்று. நாளைக்கு உங்களிடமும் ஒரு மாமாவோ சித்தப்பாவோ இதைக் கேட்பார். ஆகவே நான் விசாரித்து அறிந்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த மூன்று தொன். உண்மையில் பூமில் எழுதியிருப்பது 2.93. ஜப்பானிலிருந்து வரும் இந்தச் சிறு கிரேன்களில், தடானோ ஆனாலும் யூனிக் ஆனாலும், இந்த எண்ணைத்தான் அதிகம் காணலாம். (அந்த நாட்டில் எந்தக் கம்பனி கிரேன் பூட்டிய லொறியையும் 'யூனிக்' வண்டி என்றே சொல்வார்களாம், நம்மவர்கள் எல்லாப் பிரதி எடுப்பையும் 'செறொக்ஸ்' என்கிற மாதிரி.) ஏன் சரியாக 3 இல்லை? ஜப்பானியக் கிரேன் பாதுகாப்பு விதிகளில் 3 தொன்னும் அதற்கு மேலும் தூக்கும் நடமாடும் கிரேனுக்குப் பரிசோதனைச் சான்றிதழ் முதலிய கெடுபிடிகள் அதிகம். அதற்குக் கீழே நின்றால் அவை குறைவு. எனவே எல்லைக்கு ஒரு சாண் இப்பால் நிற்கிறார்கள். 2.93 என்பது சட்டத்தைப் பார்த்துப் போட்ட எண். உங்கள் வேலைக்கு அது போதுமா என்பதை அந்த எண் சொல்லாது.

சொல்லப்போவது வேறொரு கணக்கு. அந்த 2.93 தொன், கொக்கி கிரேனின் தூணுக்கு மிக அருகே, ஏறக்குறைய ஒன்றரை மீட்டரில் நிற்கும்போது மட்டும்தான். எடையைத் தூரத்தால் பெருக்கிப் பாருங்கள்: 2.93 × 1.5 = 4.4 தொன் மீட்டர். அதே திருப்பத்தை 5 மீட்டரில் வைத்தால் 880 கிலோ. அதிலும் நீட்டிய பூமின் சொந்த எடை, கொக்கி, கம்பி எல்லாம் கழிய வேண்டும். நாங்கள் பார்த்த லொறியின் அட்டவணைத் தகடு 5 மீட்டருக்கு அறுநூற்றுச் சொச்சம் கிலோதான் காட்டியது. மூன்று தொன் என்று சொன்ன வாய் இதைச் சொல்லவில்லை.

இனி மாமாவின் தேவை. வளையத்தின் வெளி விட்டம் 1.2 மீட்டர், உள் விட்டம் 1 மீட்டர், உயரம் 0.6 மீட்டர். கனவளவு 0.207 கன மீட்டர். கொங்கிறீற்றைக் கன மீட்டருக்கு 2400 கிலோ என்று எடுத்தால் ஒரு வளையம் ஏறக்குறைய 500 கிலோ. லொறி ஒழுங்கையில் நிற்கும். வாய்க்காலையும் மதிலையும் தாண்டி வளையம் உள்ளே போக வேண்டும். அது 4 அல்லது 5 மீட்டர். ஆக எங்களுக்கு வேண்டியது 5 மீட்டரில் 500 கிலோ, கொஞ்சம் மிச்சத்தோடு. இந்த ஒற்றை வரியை எழுதி வைத்துக் கொள்ளாமல் எந்த யார்டுக்கும் போகாதீர்கள்.

"கொஞ்சம் மிச்சத்தோடு" என்று ஏன் சொல்கிறேன் என்றால், இரண்டு வருடத்துக்கு முன் ஒரு வாடகை வண்டியில் நடந்தது அது. நான்கு வளையம் ஏற்றிப் போனோம். முதல் மூன்றும் பூப்போல இறங்கின. ஒழுங்கை ஒடுக்கம் என்று சாரதி பக்கக் கால்களைப் பாதிதான் இழுத்திருந்தார். நாலாவது வளையம் மதிலுக்கு மேலே போனபோது மற்றப் பக்கத்துப் பின்சில்லு நிலத்தை விட்டு எழும்பியது. வளையம் மதிலின் ஒரு பகுதியை இடித்துக் கொண்டு கீழே போயிற்று. வளையத்தில் கட்டிய கயிற்றைப் பிடித்து நின்றவன் நான். ஓரடி தள்ளி நின்றதால் இதை எழுதுகிறேன். ஒரே எடை, ஒரே தூரம், பிறகு ஏன் நாலாவதில் மட்டும்? முதல் வளையத்தைத் தூக்கும்போது தட்டில் இன்னும் ஒன்றரைத் தொன் இருந்து லொறியை அழுத்திப் பிடித்தது. நாலாவதைத் தூக்கும்போது தட்டு வெறுமை. அதனால்தான் தகட்டில் 'வெறும் லொறிக்கு' என்று தனி அட்டவணை இருக்கும். மற்ற அட்டவணை இரும்பின் பலத்துக்கு. இதுதான் கவிழாமல் இருப்பதற்கு. கால்களை முழுதாக இழுத்தால் ஓர் எண், பாதி இழுத்தால் வேறெண். கபினுக்கு முன்பக்கமாகத் தூக்குவதென்றால் அந்த வெறும் லொறி எண்ணிலும் காற்பங்குக்கு மேல் போகக் கூடாது என்பது கம்பனிகளின் விதி. பின்னால் கால் இல்லாத சிறு லொறிகளில் பின்பாரம் முழுவதும் ரயரையும் ஸ்பிரிங்கையும் நம்பித்தான் நிற்கிறது.

தகடு இல்லாத வண்டியானால் நான் திரும்பி வந்து விடுவேன். தகட்டை வாசிக்கும்போது இன்னொன்று. மாமா பார்த்து வைத்த லொறியின் புத்தகத்தில் 2012. "கிரேன் அதுக்குப் பிறகு புதுசாப் போட்டது, 15ஆம் ஆண்டுச் சாமான்" என்றார் விற்பவர். தகட்டிலும் 15 இருந்தது உண்மை. ஆனால் அதற்கு முன்னே இரண்டு ஜப்பானிய எழுத்து. அது ஹெய்செய் ஆண்டுக் கணக்கு; 1989 அதன் முதல் ஆண்டு. 15உடன் 1988ஐக் கூட்டினால் 2003. அதாவது ஒன்பது வயது மூத்த கிரேனை வேறொரு லொறியில் கழற்றி இதிலே பூட்டியிருக்கிறார்கள். (2019 மேயிலிருந்து ரெய்வா கணக்கு, அதற்கு 2018ஐக் கூட்ட வேண்டும்.) விற்பவர் தெரிந்து சொன்னாரா தெரியாமல் சொன்னாரா என்று நான் ஆராயவில்லை.

பூட்டி மாற்றியது என்றால் கண் போக வேண்டிய இடம் கபினுக்குப் பின்னால் உள்ள சட்டம். கிரேனைக் கட்டிப் பிடிக்கும் நீண்ட யூ போல்ட்டுகள் இறுக்கமா, சட்டத்தின் பக்கத்தில் துளையிட்டோ வெல்டிங் வைத்தோ இருக்கிறதா, மூலைகளில் மயிரிழை வெடிப்பு உண்டா என்று டோர்ச் அடித்துப் பாருங்கள். அடியில் மட்டும் புதுக் கறுப்புப் பெயின்ற் பளபளத்தால் சந்தேகப்படுங்கள். ஜப்பானின் பனி மாகாணங்களில் றோட்டுக்கு உப்புப் போடுவார்கள். அங்கே ஓடிய லொறியின் சட்டம் உள்ளுக்குள் அரித்திருக்கும்.

பலர் மீற்றரில் எத்தனை கிலோமீற்றர் என்று பார்த்து மகிழ்கிறார்கள். நீங்கள் வாங்குவது இரண்டு யந்திரம். கிரேன் வேலை செய்வது லொறி நிற்கும்போது. கியர்பெட்டியில் பூட்டிய பி.ரி.ஓ. பம்பைச் சுற்ற, சில்லு ஓரங்குலமும் நகராமல் நாள் முழுக்க ஓடியிருக்கும். 80,000 கிலோமீற்றர் வண்டியில் தேய்ந்து முடிந்த கிரேன் இருக்கலாம். ஆகவே கிரேனைக் கிரேனாகவே சோதியுங்கள். பூமை முழுக்க நீட்டி, நுனியைக் கையால் பக்கவாட்டில் ஆட்டுங்கள். அதிகம் ஆடினால் சுழலும் பேரிங் அல்லது பூமுக்குள் இருக்கும் வழுக்குக் கட்டைகள் தேய்ந்து விட்டன. எண்ணெயைத் தொட்டுப் பாருங்கள்: பால் போல் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, விரலில் மினுமினுத்தால் பம்பு தன்னைத் தானே தின்கிறது. குளிரில் எல்லாக் கிரேனும் நல்ல கிரேன்தான். அரை மணி வேலை வாங்கிச் சூடானபின் வேகம் விழுகிறதா என்பதே கேள்வி.

கம்பிக்கு ஜப்பானிய விதி எளிது: ஒரு முறுக்கு நீளத்துக்குள் இழைகளில் பத்து வீதம் அறுந்திருந்தாலோ, விட்டம் 7 வீதத்துக்கு மேல் குறைந்திருந்தாலோ மாற்ற வேண்டும். 8 மில்லிமீற்றர் கம்பியில் அது அரை மில்லிமீற்றர் சொச்சம். நம் பட்டறை வேர்னியரை இரவல் கேட்டுக் கொண்டு போங்கள். கொக்கியை மேலே இழுத்துக் கொண்டே போனால் பூம் நுனியை முட்டுமுன் மணி அடிக்க வேண்டும். அந்த வயரை வெட்டி விட்ட வண்டிகளும் உண்டு.

எஞ்சினைப் பற்றி மெக்கானிக்மார் நிறையச் சொல்வார்கள், சுருக்கி விடுகிறேன். 2003 ஒக்ரோபரில் டோக்கியோவும் பக்கத்து மூன்று மாகாணங்களும் புகை அளவுக்கு உட்படாத பழைய டீசல் லொறிகளை ஓட விடாமல் தடுத்தன. ஓடக் கூடிய நல்ல லொறிகளும் அங்கே வேண்டாப் பொருளாயின. இசுசு எல்ஃபின் 4எச்எஃப்1, கன்டரின் 4டி33 போன்ற பழைய எஞ்சின்களில் டீசல் பம்பு முழுக்க இயந்திர முறை; ஊர்க் கராஜில் திறந்து மூடலாம். பிறகு வந்தவை கொமன் றெயில், அதற்கும் பிறகு சைலன்ஸரில் கரி வடிகட்டி. அந்த வடிகட்டி நீண்ட ஓட்டச் சூட்டில்தான் தன்னைச் சுத்தம் செய்யும். ஒழுங்கைக்குள் நின்று கிரேன் ஓட்டும் வண்டிக்கு அது அடைப்பு நோய். கந்தகம் கூடிய டீசலும் அதற்கு ஒத்துவராது. சிறு வேலைக்கு என் ஓட்டு பழைய எஞ்சினுக்கே, புகை கொஞ்சம் கூட என்றாலும்.

பாரம் எவ்வளவு ஏற்றலாம் என்பதை ஜப்பானிய லொறியின் பின்பலகையிலேயே கிலோவில் எழுதியிருப்பார்கள். மறு பெயின்ற் அடிக்கும்போது நம்மவர்கள் அழித்து விடுவதுண்டு. கிரேனின் எடையே ஒரு தொன்னை அண்டும் என்பதால், அதே லொறியின் வெறும் தட்டு வண்டியைவிட ஏற்றும் பாரம் அந்தளவு குறையும்.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025இல்தான் திறந்தது. அந்த இடைக்காலத்தில் இங்கேயே மாடாய் உழைத்த வண்டிகள்தான் இன்று யார்டுகளில் அதிகம். மாமா அந்த 2012ஐ விட்டு விட்டார். ஒரு மாதம் கழித்து ஒரு பழைய எல்ஃபைப் பார்க்கப் போனோம். கொடுக்கல் வாங்கலுக்கு முன் நான்கு 200 லீற்றர் பீப்பாய்களில் தண்ணீர் நிரப்பினோம். தண்ணீர் என்றால் எடையில் சந்தேகமில்லை. மூன்றைத் தூக்கி, பீப்பாய்க்குப் பக்கத்தில் நட்ட தடியில் கரியால் கோடு போட்டு, பத்து நிமிடம் லீவரைத் தொடாமல் இருந்தோம். பூம் இறங்கவில்லை. பக்கக் கால் இரண்டு விரல் இறங்கியது. ஆனால் அது ஜாக்கின் குற்றமா மண்ணின் குற்றமா? 20 சென்ரிமீற்றர் விட்டமுள்ள பாதத்தில் 2 தொன் விழுந்தால் சதுர சென்ரிமீற்றருக்கு ஆறு கிலோவுக்கு மேல். மழை பெய்த மண் ஒரு கிலோவே தாங்காது. 60க்கு 60 பனங்குற்றிப் பலகையை அடியில் வைத்து மறுபடி தூக்கினோம், அரைக் கிலோச் சொச்சமாயிற்று. இந்த முறை கால் அசையவில்லை. "இப்ப நாலாவதையும் தூக்கு" என்றார் மாமா. கயிறு பிடிக்க யாரையும் கிட்ட விடவில்லை.